ஐஸ் தட்டு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில்
ஐஸ் தட்டு எப்போதும் காலி.
முதலில் அண்ணனைத்தான் திட்டினார்கள்.
மற்ற எல்லாவற்றையும் தின்பவன் அவன்தான்.
இது மட்டும் நான்.

இரவு பதினொன்றுக்கு
கணக்கு நோட்டுக்கு மேல் குனிந்து
நறுக் நறுக்கென்று.
பல் கூசும். நிறுத்த வராது.
ரோஸ் ஹில் பஸ் நிலையத்தில் துருவிய ஐஸ் விற்பவரிடம்
சிரப் வேண்டாம் என்பேன்.
"வெறும் ஐஸா?"
"வெறும் ஐஸ்."
பாதிக் காசுதான் வாங்குவார், பாவம்.

காவடி நாளன்று மலைக்கோவில் படியில் சரிந்தேன்.
பத்து நாள் விரதம்.
சாமி வந்துவிட்டது என்று
இரண்டு பெண்கள் நெற்றி நிறையத் திருநீறு அப்பினார்கள்.
சாமி வரவில்லை.
கண்ணுக்குள் கறுப்புப் பூச்சிகள் வந்தன.

மார்ச்சிலிருந்து எண்ணூறு மீட்டரில்
இரண்டாம் சுற்று எனக்கில்லை.
நெஞ்சு நிறையக் காற்று இருந்தது,
எனக்குச் சேரவில்லை.
நஃபீசாவின் முதுகு எண்ணை மனப்பாடம் செய்தேன்:
நாற்பத்தொன்று.
மிஸ் ஜோலிகேர் அறிக்கையில் 'சோம்பல்' என்று எழுதினார்.
பிரெஞ்சில் அந்தச் சொல்
கொஞ்சம் பட்டுத்துணிபோல இருக்கும்.

அம்மா சொன்னாள்:
எல்லோருக்கும் இப்படித்தான்.
எனக்கும். உன் பெரியம்மாவுக்கும்.
எங்கள் வீட்டுப் பெண்களுக்குக்
களைப்புதான் குலதெய்வம்.
மாதம் ஏழு நாள் கொடை.
எனக்குச் சில மாதம் ஒன்பது.

கண்டோஸ் ஆஸ்பத்திரியில்
நர்ஸ் என் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார்.
உள்ளே லிச்சிச் சதை நிறம்.
எட்டு புள்ளி ஒன்று.
பன்னிரண்டு வேண்டுமாம்.
பிறகு, யாரும் கேட்காமலே,
"நீங்களும் உட்காருங்கள்" என்றார் அம்மாவிடம்.

ஏழு புள்ளி ஆறு.

அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு
பதினெட்டு வருஷம்
ஃபாக்டரியில் ஸ்வெட்டருக்குக் கை தைத்திருக்கிறாள்,
இரவு ஷிஃப்ட்.
அவளுக்கு யாரும் அறிக்கை எழுதவில்லை.

கொல்லையில் முரும் நிற்கிறதே, அந்தக் கீரை போதாதா என்று கேட்டாள்.
முருங்கைதான் அது.
கப்பலேறி வந்தபோது
கை மட்டும் கடலில் விழுந்துவிட்டது.
நல்ல கீரை, சாப்பிடுங்கள், என்றார் டாக்டர்,
ஆனால் இவ்வளவு பெரிய பள்ளத்தைக் கீரை தூர்க்காது.

மாத்திரை. ஒன்றுவிட்டு ஒருநாள்.
வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு.
முன்னும் பின்னும் தேநீர் கூடாது.
கடைசியாகச் சொன்னதைக் கேட்டு
அம்மா கைப்பையை இறுகப் பிடித்தாள்.
விடிகாலை நாலு மணி வனிலாத் தேநீரிலிருந்து
அவளைப் பிரிப்பதைவிட
அப்பாவிடமிருந்து பிரிப்பது சுலபம்.

வயிறு கல்லானது. வெளியே போனது தார்.
வேறு யாரிடமும் சொல்ல முடியாத சேதிகளை
பாத்ரூம் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று
பேசிக்கொண்டோம்.
அம்மாவோடு நான் அவ்வளவு சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கோழியில்
ஈரல் எப்போதும் தேவேனுக்கு.
ஏனென்று யாரும் கேட்டதில்லை.
ஜூலையில் ஒருநாள் அது என் தட்டில் விழுந்தது.
பாதியை வெட்டி அம்மா தட்டில் வைத்தேன்.
தேவேன் பார்த்தான்.
குழம்பை அதிகமாக ஊற்றிக்கொண்டான்.

இப்போது பத்து புள்ளி ஒன்பது.
அம்மாவுக்கு ஒன்பதரை. மாத்திரை இன்னும் தொடரவேண்டும்.
நாற்பத்தொன்று இன்னும் எனக்கு முன்னால்தான் ஓடுகிறது,
ஆனால் நஃபீசா மூச்சு வாங்குவது
எனக்குக் கேட்கிறது.

நேற்று ராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்த அம்மா
ஐஸ் தட்டு நிறைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு
வெகுநேரம் நின்றாள். குளிர் எல்லாம் வெளியே வந்தது.

"எனக்குப் பச்சரிசி" என்றாள்.
"கல்யாணமான புதிதில். பிடி பிடியாக.
எலி என்று நினைத்து
உங்கள் அப்பா பொறி வைத்தார்."